கல்லின் கணக்கு

நுழையும்முன்

கல்லைச் சுட்டால் அதன் எடை குறைகிறது. குறைந்த எடை எங்கே போயிற்று என்னும் வினா, வேதியியலை அளந்து அறியும் அறிவியலாக மாற்றிய வினாக்களுள் ஒன்று. வானம் பார்த்த நிலத்தில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லை முன்வைத்து மோல், வேதி வாய்ப்பாடு, வேதிவினைக்கூறு விகிதம் ஆகியவற்றை விளக்குகிறது இப்பாடம்.

பந்தல்குடியின் கல்

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் அருப்புக்கோட்டையைக் கடந்ததும் வருவது பந்தல்குடி. சுற்றிலும் கரிசல், மழையை நம்பிய மானாவாரி வேளாண்மை. கிழக்கே திருச்சுழி வரையிலும் நிலத்தின் முகம் பெரிதாக மாறுவதில்லை. உழும்போது கொழுமுனையில் வெண்ணிறக் கற்கள் தட்டுப்படும். அவற்றைச் சுக்கான்கல் என்பர். அது மண்ணுக்குள் உருவாகும் தூய்மை குறைந்த சுண்ணாம்புக்கல். பந்தல்குடியின் பெயரை நிலவியலாளர் அறிந்திருப்பதோ வேறொரு கல்லால். பழமையான உருமாறிய பாறைகளுக்கிடையே பட்டை பட்டையாக ஓடும் படிகச் சுண்ணாம்புக்கல் அது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கடல்வாழ் உயிரிகளின் புதைபடிவங்கள் தெளிவாகக் காணப்படும். பந்தல்குடிக் கல்லோ பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து மீண்டும் படிகமானது. உடைத்துப் பார்த்தால் சர்க்கரைக் கட்டியைப் போல் மின்னும்.

இக்கல்லை வெட்டியெடுக்கும் சுரங்கங்கள் இங்குள்ளன. விருதுநகரை அடுத்த இராமசாமிராஜா நகரில் 1960-களின் தொடக்கத்தில் எழுந்த சிமெண்ட் ஆலைக்கு இக்கல் மூலப்பொருள். ஆலைகளுக்கு முன்பே இந்நாட்டில் சுண்ணாம்புச் சூளைகள் இருந்தன. சூளையைக் காளவாசல் என்பது தென்பாண்டி வழக்கு. மதுரையில் அது ஒரு பகுதியின் பெயராகவே நின்றுவிட்டது. கல்லையும் கரியையும் அடுக்கடுக்காக இட்டுத் தீ மூட்டுவர். வெந்த கல்லைக் கையில் எடுத்தால் அதன் கனம் குறைந்திருப்பது தெரியும். நீர் தெளித்தால் சீறிப் பொடியாகும். பொடியாகாமல் நடுவில் எஞ்சுவது வேகாத கல். சூளைக்காரர் தராசின்றியே கையால் அறிந்த இந்த எடைக்குறைவுதான் இப்பாடத்தின் தொடக்கம்.

எடை குறைந்தது எதனால்?

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக் என்பவர் 1756-இல் வெளியிட்ட ஆய்வுரையில் இவ்வினாவைத் தராசின் முன் நிறுத்தினார். அக்காலத்தில் சுட்ட சுண்ணாம்பின் காரத்தன்மைக்குத் தீயே காரணம் என்று பலர் நம்பினர். தீயிலிருந்து ஏதோ ஒன்று கல்லுக்குள் புகுந்து தங்கிவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. அவ்வாறாயின் கல்லின் எடை கூட வேண்டும், குறைந்தது ஏன்?

பிளாக் 120 கிரெயின் எடையுள்ள சீமைச்சுண்ணாம்பை எடுத்துக்கொண்டார். கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். முழுவதும் சுட்டபின் எஞ்சியது 68 கிரெயின். அதைப் பொடித்து, சாம்பலிலிருந்து பெறும் கார உப்பின் கரைசலில் இட்டு, கழுவி உலர்த்தி மீண்டும் நிறுத்தார். எடை 118 கிரெயின் இருந்தது. தீயால் இழந்ததைக் கார உப்பிலிருந்து கல் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனவே தீ எதையும் கொடுக்கவில்லை. கல்லிலிருந்து ஒரு காற்றை வெளியேற்றியது. கல்லுக்குள் கட்டுண்டு கிடந்ததால் அதனை 'நிலைத்த காற்று' என்றார் பிளாக். இன்று அதன் பெயர் கார்பன் டைஆக்சைடு.

இதில் வியப்பிற்குரியது பிளாக்கின் தராசு. அணு நிறை என்னும் கருத்தே அன்று இல்லை. டால்டனின் அணுக்கொள்கை பிறக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. இன்றைய கணக்கின்படி 120 கிரெயின் தூய கல் தரவேண்டியது 67.2 கிரெயின். பிளாக் கண்டது 68. வேறுபாடு ஒரு கிரெயினுக்கும் குறைவு.

இத்தகைய எடைக் கணக்குகளுக்கு 1792-இல் ஜெர்மானியரான ரிக்டர் ஒரு பெயர் சூட்டினார். தனிமம், அளவு என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் அமைத்த பெயரைத் தமிழில் வேதிவினைக்கூறு விகிதம் என்கிறோம்.

வாய்ப்பாடு பிறந்த வழி

தூய சுண்ணாம்புக்கல்லைப் பகுத்தால் 100 கிராமில் கால்சியம் 40 கிராமும் கார்பன் 12 கிராமும் ஆக்சிஜன் 48 கிராமும் இருக்கும். எடையில் மிகுந்தது ஆக்சிஜன். ஆனால், எடை மிகுந்ததாலேயே அணுக்களும் மிகுதி என்று சொல்லிவிட முடியாது. ஒரு மூட்டைப் பூசணியும் ஒரு மூட்டை நெல்லிக்காயும் ஒரே எடை இருந்தாலும் எண்ணிக்கையில் ஒன்றாகா. ஆகவே ஒவ்வொரு தனிமத்தின் எடையையும் அதன் அணு நிறையால் வகுக்க வேண்டும். 40-ஐக் கால்சியத்தின் அணு நிறையாகிய 40-ஆல் வகுத்தால் 1. 12-ஐக் கார்பனின் 12-ஆல் வகுத்தால் 1. 48-ஐ ஆக்சிஜனின் 16-ஆல் வகுத்தால் 3. ஒரு கால்சியம், ஒரு கார்பன், மூன்று ஆக்சிஜன் என்னும் இவ்விகிதமே கால்சியம் கார்பனேட்டின் எளிய விகித வாய்ப்பாடு. வேதியியலார் அதை மூன்று குறியீடுகளாலும், ஆக்சிஜனின் கீழ்க்குறியாக அமையும் 3 என்னும் எண்ணாலும் எழுதுவர். பந்தல்குடியின் படிகக் கல்லுக்கும் தூத்துக்குடிக் கரையின் கிளிஞ்சலுக்கும் முட்டை ஓட்டின் பெரும்பகுதிக்கும் அதே வாய்ப்பாடுதான்.

படிக்கும்போது இது எளிதாகத் தோன்றும். ஆனால், அணு நிறை எது என்பதிலேயே வேதியியலார் அரை நூற்றாண்டுக் காலம் பூசலிட்டனர். கார்பனுக்கு 6, ஆக்சிஜனுக்கு 8, கால்சியத்துக்கு 20 என்று கொண்டோரும் உண்டு. அக்கணக்கிலும் சுண்ணாம்புக்கல் 50 பங்கு, சுட்ட சுண்ணாம்பு 28 பங்கு, காற்று 22 பங்கு என்றே வரும். விகிதம் மாறவில்லை, எனவே தவறு வெளிப்படவும் இல்லை. தராசு மட்டும் இவ்வழக்கைத் தீர்க்காது. அசிட்டிக் அமிலம் என்னும் ஒரே பொருளுக்குப் புழக்கத்திலிருந்த 19 வகை வாய்ப்பாடுகளை ஆகஸ்ட் கெக்குலே தம் நூலில் பட்டியலிட்டுக் காட்டினார் என்றால் குழப்பத்தின் அளவு விளங்கும்.

தீர்வு இத்தாலியிலிருந்து வந்தது. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம் என்று 1811-இலேயே அமேடியோ அவகாட்ரோ கூறியிருந்தார். அன்று அதைப் பொருட்படுத்தியவர் சிலரே. 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியல் மாநாட்டில் ஸ்டானிஸ்லாவோ கன்னிசாரோ அக்கருத்தைக் கொண்டு அணு நிறைகளை ஒழுங்குபடுத்தும் முறையை எடுத்துரைத்தார். அவகாட்ரோ அப்போது உயிருடன் இல்லை.

எடையிட்டு எண்ணுதல்

வெற்றிலையைத் தனித்தனியாக விலை பேசுவதில்லை. நூறு வெற்றிலை கொண்ட அடுக்கைக் கவுளி என்பது வழக்கம். கவுளி என்றதும் எண்ணிக்கை விளங்கிவிடும். மோல் என்பதும் அத்தகைய ஓர் எண்ணிக்கைப் பெயரே. அதன் எண்ணிக்கை மட்டும் மனத்தில் அடங்காதது: 6.02214076 × 10²³. தமிழ் வழக்கில் சொன்னால் ஏறத்தாழ 602 கோடி கோடி கோடி. ஓர் அரிசியின் எடை 20 மில்லிகிராம் எனவும், உலகம் ஆண்டுக்கு 50 கோடி டன் அரிசி விளைவிக்கிறது எனவும் கொண்டால், ஒரு மோல் அரிசி விளைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேலாகும்.

> தெரிந்து தெளிவோம்
> 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே ஒரு மோல் என்பது 1971-இல் ஏற்கப்பட்ட வரையறை. 2019 மே 20 முதல் அவ்வரையறை மாறியது. 6.02214076 × 10²³ என்னும் எண்ணே இப்போது மோலின் வரையறையாக நிலைநிறுத்தப்பட்டுள்ளது.

இவ்வளவு பெரிய எண் எதற்கு? அணுவை எவராலும் ஒவ்வொன்றாக எண்ண முடியாது, எடையிட முடியும். ஒரே வகை நாணயங்கள் குவியலாகக் கிடந்தால், ஒன்றின் எடையை அறிந்து குவியலை நிறுத்தால் எண்ணிக்கை கிடைத்துவிடும். மோல் அதே வேலையைச் செய்கிறது. கால்சியம் கார்பனேட்டின் வாய்ப்பாட்டு நிறை 40, 12, மும்முறை 16 ஆகியவற்றின் கூட்டலாகிய 100. எனவே அதன் 100 கிராமே ஒரு மோல். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கல்லை நிறுத்து 100 கிராம் என்று கண்டால், அதற்குள் 602 கோடி கோடி கோடி கால்சியம் அயனிகளும் அதே அளவு கார்பனேட் அயனிகளும் உள்ளன என்று உறுதியாகச் சொல்லலாம், கல் தூயதாக இருக்கும்வரை.

சூளைக்குள் நடப்பது

ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கல் பிரிகிறது.

கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டைஆக்சைடு

இருபுறமும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. ஒரு கால்சியம், ஒரு கார்பன், மூன்று ஆக்சிஜன் உள்ளே சென்றன; அவையே வெளியே வந்தன. ஆகவே ஒரு மோல் கல் ஒரு மோல் சுட்ட சுண்ணாம்பையும் ஒரு மோல் வாயுவையும் தருகிறது. எடையில் அது 100 கிராமிலிருந்து 56 கிராமும் 44 கிராமும் ஆகும்.

ஒரு டன் தூய கல்லில் 10,000 மோல்கள் உள்ளன. அவை 560 கிலோ சுட்ட சுண்ணாம்பையும் 440 கிலோ கார்பன் டைஆக்சைடையும் தரும். பூச்சியம் டிகிரி வெப்பத்திலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் இடத்தை நிரப்பும். 10,000 மோல்களுக்கு 224 கன மீட்டர்! எட்டு மீட்டர் நீளமும் ஏழு மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் உயரமும் உடைய வகுப்பறை ஒன்றின் கொள்ளளவு அது. பந்தல்குடியில் பூச்சியம் டிகிரி குளிர் வருவதில்லை. 35 டிகிரி வெயிலில் அதே வாயு ஏறத்தாழ 253 கன மீட்டராக விரியும். சூளைக்காரரின் கை உணர்ந்த எடைக்குறைவு இந்த வகுப்பறை அளவுக் காற்றே.

கல்லின் தரமும் கணக்கின் தவறும்

தோண்டியெடுக்கும் கல் தூய கல்லன்று. மணலின் கூறாகிய சிலிக்காவும் பிற கனிமங்களும் கலந்திருக்கும். எத்தனை விழுக்காடு கால்சியம் கார்பனேட் என்பதைப் பொறுத்தே அது சூளைக்கு ஏற்றதா என்பது முடிவாகும். ஆய்வுக்கூடத்தில் 2 கிராம் கல்பொடியை உலர்த்தி, எடை மாறாத நிலை வரும்வரை சுடுகின்றனர் எனக் கொள்வோம். எடை 0.792 கிராம் குறைகிறது. இதனை 44-ஆல் வகுத்தால் 0.018 மோல். வாயு அத்தனை மோல் என்றால் கால்சியம் கார்பனேட்டும் அத்தனை மோல், அதாவது 1.8 கிராம். கல்லின் தூய்மை 90 விழுக்காடு.

இக்கணக்கில் ஒரு பொறி உண்டு. கல்லில் மக்னீசியம் கார்பனேட் கலந்திருந்தால் அதுவும் சுடும்போது கார்பன் டைஆக்சைடை இழக்கும். அதன் வாய்ப்பாட்டு நிறை 84 மட்டுமே. ஆனால் வெளியேறும் வாயு அதே 44. எனவே எடைக்குறைவு கூடுதலாகத் தெரியும். தரம் குறைந்த கல் உயர்ந்த கல்லாக வேடமிடும். மக்னீசியா மிகுந்த சிமெண்ட், இறுகிய பின்னரும் உள்ளே மெல்ல விரிந்து கட்டடத்தில் வெடிப்பை உண்டாக்கும். எடைக்குறைவை மட்டும் நம்பி ஒரு கல்லை ஏற்பதன் விலையைக் கட்டடத்தில் குடியிருப்போர் தரவேண்டி வரும். ஆதலால் மக்னீசியத்தைத் தனியே அளந்தறிவது கட்டாயம்.

அமிலத்தைக் கொண்டும் கல்லைச் சோதிக்கலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் நுரை பொங்கும். இவ்வினையில் ஒரு மோல் கால்சியம் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் அமிலம் தேவை. கால்சியம் குளோரைடு, நீர், கார்பன் டைஆக்சைடு ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு மோல் உண்டாகும். சமன்படுத்திய சமன்பாட்டில் அமிலத்துக்கு முன் நிற்கும் அந்த 2-ஐ மறந்தவர் எப்படி ஏமாறுவார் என்பதைப் பார்க்கலாம். 10 கிராம் தூய கல்லை, அதாவது 0.1 மோலை, ஒருவர் எடுத்துக்கொள்கிறார். அமிலத்தையும் 0.1 மோலே விடுகிறார். நுரை பொங்கி அடங்குகிறது. அடியில் 5 கிராம் கரையாமல் கிடக்கிறது. 'கல்லில் பாதி மணல். தூய்மை 50 விழுக்காடே' என்று அவர் எழுதிவைத்தால் நல்ல கல் கழிவாகிவிடும். தீர்ந்தது கல்லன்று, அமிலம். 0.1 மோல் அமிலம் 0.05 மோல் கல்லை மட்டுமே கரைக்கும். முதலில் தீர்ந்து வினையை நிறுத்திவிடும் பொருளை வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்பர். நுரை அடங்கியதும் மேலும் ஒரு துளி அமிலம் விட்டுப் பார்த்திருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும்.

நீற்றும்போது

சுட்ட சுண்ணாம்புடன் நீர் சேர்ந்து நீற்றிய சுண்ணாம்பாகிறது. 56 கிராமுக்கு 18 கிராம் நீர் போதும். 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு கிடைக்கும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 320 கிராம் நீர் என்பது தாள்மேல் சரி. தொட்டியருகே நிற்பவர் அவ்வளவு சிறிய அளவை நம்பக்கூடாது. ஒரு மோல் நீற்றப்படும்போது ஏறத்தாழ 65 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. ஒரு கிலோவில் ஏறத்தாழ 18 மோல்கள் உள்ளன. அவை வெளிவிடும் வெப்பம், 30 டிகிரியில் உள்ள நான்கு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. சிறிது நீரை ஊற்றினால் அது ஆவியாகிச் சீறும். கொதிக்கும் சுண்ணாம்பு தெறிக்கும். கண்ணில் பட்டால் வெப்பம் ஒருபுறமும் காரம் மறுபுறமும் விழியைச் சிதைக்கும். உடனே நிறைந்த நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நாற்பத்து நான்கின் சிக்கல்

சிமெண்ட் ஆலையின் சூளையில் சுண்ணாம்புக்கல்லோடு களிமண்ணும் சேர்ந்து ஏறத்தாழ 1,450 டிகிரியில் வெந்து கிளிங்கர் என்னும் கட்டிகளாகிறது. கிளிங்கரில் கால்சியம் ஆக்சைடு ஏறத்தாழ 65 விழுக்காடு. அப்படியானால் ஒரு டன் கிளிங்கருக்கு 650 கிலோ கால்சியம் ஆக்சைடு வேண்டும். 56-க்கு 44 என்னும் விகிதத்தில் வெளியேறும் கார்பன் டைஆக்சைடு 511 கிலோ. எரிபொருளின் புகை இக்கணக்கில் சேரவில்லை. இது முழுவதும் கல்லிலிருந்தே வருவது.

50 கிலோ மூட்டைச் சாதாரண சிமெண்டில் கிளிங்கர் 47.5 கிலோ எனவும் எஞ்சியது ஜிப்சம் எனவும் கொண்டால், அம்மூட்டைக்காகக் கல் வெளிவிட்ட கார்பன் டைஆக்சைடு 24 கிலோவைத் தாண்டும். அதாவது மூட்டையின் எடையில் ஏறத்தாழ பாதி. உலகில் மாந்தர் வெளியிடும் கார்பன் டைஆக்சைடில் எரிபொருளையும் சேர்த்துச் சிமெண்டின் பங்கு 7 முதல் 8 விழுக்காடு என மதிப்பிடுகின்றனர்.

எரிபொருளைச் சிக்கனப்படுத்தலாம். நிலக்கரியை விடுத்துச் சூரிய ஆற்றலால் சூளையைச் சூடாக்கும் நாளும் வரலாம். அன்றும் 100 கிராம் கல்லிலிருந்து 44 கிராம் வெளியேறியே தீரும். இயந்திரத்தின் குறையானால் பொறியாளர் திருத்துவார். இது வாய்ப்பாட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பருவமழையை நம்பி வாழும் கரிசல் நிலத்துக்குப் புவி வெப்பமடைதல் தொலைவிலுள்ள செய்தியன்று. அந்நிலத்தின் கல்லே அக்கணக்கின் ஒரு வரியாகவும் இருக்கிறது.

எஞ்சியுள்ள வழிகள் இரண்டு. வெளியேறும் வாயுவைப் பிடித்துச் சேமிப்பது ஒன்று. அது இன்னும் செலவு மிகுந்தது. மற்றது கிளிங்கரின் பங்கைக் குறைப்பது. அனல்மின் நிலையங்களின் உலர் சாம்பலை 35 விழுக்காடு வரை சிமெண்டில் கலக்க இந்தியத் தரநிர்ணயம் இசைவளிக்கிறது. அவ்வாறு கலந்த மூட்டையில் கிளிங்கர் 30 கிலோவாகக் குறைந்தால், கல்லிலிருந்து வரும் வாயு ஏறத்தாழ 15 கிலோவாகக் குறையும். சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்துக் கிளிங்கரைப் பாதியளவாக்கும் முறையில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் ஆய்வு செய்துள்ளன. அம்முறையின் நுட்பம் 'சுடாத' என்னும் சொல்லில் இருக்கிறது. சுடாத கல்லின் 44 கல்லுக்குள்ளேயே கிடக்கும்.

சுவர் மீண்டும் கல்லாதல்

சிமெண்டுக்கு முற்பட்ட கட்டடங்கள் சுண்ணாம்புச் சாந்தால் எழுந்தவை. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களும் சுதை வேலைப்பாடுகளும் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கின்றன. பூசிய சாந்து உலர்வதால் மட்டும் இறுகுவதில்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை மெல்ல உட்கொண்டு மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகிறது, நீர் வெளியேறுகிறது. 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு 44 கிராம் வாயுவை ஏற்று 100 கிராம் கல்லாகவும் 18 கிராம் நீராகவும் மாறுகிறது. காளவாசலில் இழந்த அதே 44. பிளாக் கார உப்பைக் கொண்டு செய்ததைச் சுவர் காற்றைக் கொண்டு செய்கிறது. அவருக்குச் சிறிது நேரம், சுவருக்குப் பல ஆண்டுகள். பூச்சின் மேற்பரப்பு முதலில் கல்லாகும். உட்பகுதிக்குக் காற்று புகுவது அரிதாகையால் தடித்த பழஞ்சுவர்களின் நடுவே இன்னும் கல்லாகாத சுண்ணாம்பு எஞ்சியிருப்பதுண்டு. சூளையில் எரிந்த கரியின் புகையோ சுவருக்குத் திரும்புவதில்லை. அது சமன்பாட்டில் இடம்பெறாத வேறொரு கணக்கு.